பழைய இழுவை வண்டியும் புதிய ஃபிளாட்பெட்டும்: வாஷியிலிருந்து ஓர் ஒப்பாய்வு

மும்பை அருகே வாஷி கழிமுகப் பாலத்தில் ஒரு கார் நின்றுவிட்டால், சிறிது நேரத்திலேயே மான்கூர்ட் பக்கம் வண்டிகள் தேங்கத் தொடங்கிவிடும். அதை அப்புறப்படுத்த வரும் இழுவை வண்டியும் வழியில் நின்றுபோனால் சிக்கல் இரட்டிப்பாகும். அதனால், வயதான இழுவை வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டுவதா, புதிது வாங்குவதா என்பது உரிமையாளரின் கணக்கோடு முடிவதில்லை.

ஒரு பக்கம், பதினைந்து வயதை எட்டிய லாரிச் சேஸின்மேல் தூக்கும் கொக்கியும் வின்ச்சும் பொருத்திய பழைய வண்டி. மறுபக்கம், பி.எஸ்.6 எஞ்சினுடன் வரும், காரை முழுதாக மேலே ஏற்றிக்கொள்ளும் ஃபிளாட்பெட்.

பழையதன் பக்க நியாயம் வலுவானது. அந்தக் காலத்து டீசல் எஞ்சினை அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் பிரித்துக் கோப்பார். துர்பேயில் மொத்தச் சந்தைகளுக்கு வரும் லாரிகளை நம்பியே பட்டறைகள் இருக்கின்றன. புது உதிரி கிடைக்காவிட்டால் குர்லாவில் பழையது கிடைக்கும். போரிங் செய்து, பிஸ்டனும் ரிங்கும் கிளட்ச் பிளேட்டும் மாற்றிவிட்டால், தவணைச் சுமை இல்லாமல் வண்டி மீண்டும் வேலைக்கு வந்துவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் புகை சுத்திகரிப்பு அமைப்பும் சென்சார்களும் நிறைய. அதில் கோளாறு வந்தால் எஞ்சின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளக்கூடும். அப்போது ஸ்கேனர் இல்லாத பட்டறை கைவிரித்துவிடும்.

ஆனால் எஞ்சினை வைத்து மட்டும் முடிவெடுப்பது தவறு என்பேன். எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சேஸ் அரித்துவிட்டால் எதை மாற்றுவது? இங்கே உப்புக்காற்று, நான்கு மாத மழை, சாலையில் தேங்கும் நீர் எல்லாம் சேர்ந்து இரும்பைத் தின்கின்றன. 1973-ல் திறந்த முதல் வாஷி பாலத்தின் முன்தகைவுக் கம்பிவடங்களையே அரிப்பு பாதித்து, பலப்படுத்தும் பணி செய்து பார்த்து, பிறகு 1997-ல் பக்கத்திலேயே வேறு பாலம் திறக்க வேண்டியதாயிற்று. இழுவை வண்டியில் பாரம் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. கொக்கி பொருத்திய இடத்தில், பெயின்டுக்கு அடியில், துரு செதில்செதிலாக உதிர்ந்தால் அங்கே வெல்டிங் வைத்து ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அந்த வண்டி எடைக்குப் போக வேண்டியதுதான்.

சேஸ் நன்றாக இருந்தால்? அப்போது பார்க்க வேண்டியது இழுக்கப்படும் வண்டி. கொக்கி வண்டி ஒரு பக்கச் சக்கரங்களைத் தூக்கும், மறுபக்கம் தரையில் உருளும். கைக்கியர் கார்களுக்கு இதில் பெரிய ஆபத்தில்லை. ஆட்டோமேட்டிக் காரில் எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுழலும். இயக்கும் சக்கரங்கள் தரையில் உருள நெடுந்தூரம் இழுத்தால் உள்ளே சூடேறிக் கெட்டுவிடும். மின்சாரக் காரில் சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் பலர் ஃபிளாட்பெட்டையே கேட்கிறார்கள். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் நீர் தேங்கி நின்றுபோகும் கார்களில் இன்று இந்த இரு வகையும் கலந்திருக்கின்றன. தரையில் உருளும் சக்கரங்களுக்கு அடியில் டாலி என்னும் சிறு சக்கர வண்டியைக் கொடுத்துப் பழைய வண்டியாலும் இவற்றை இழுக்கலாம். ஆனால் ஓடும் போக்குவரத்துக்கு நடுவே குனிந்து டாலி மாட்டுகிற உதவியாளரின் உயிரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரசுக்குக் கட்டும் செலவுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். எட்டு வயதைத் தாண்டிய வணிக வாகனத்துக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று பெற வேண்டும். பதினைந்தைத் தாண்டிய கனரக லாரிக்கு அதன் கட்டணம் 2022 ஏப்ரலில் 12,500 ரூபாயாக உயர்ந்தது. 2025 செப்டம்பரில் சரக்கு லாரிகளின் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைந்தது. இரண்டும் புதியதின் பக்கம் சாய்கின்றன. ஆனாலும் முடிவை மாற்றும் அளவுக்கு இவை பெரியவை அல்ல. மாதத் தவணையைப் பட்டறைச் செலவோடு மட்டும் ஒப்பிடாமல், வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களில் போன வாடகையையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

என் முடிவு இது: சந்தை லாரிகளையும் டெம்போக்களையும் இழுப்பதே தொழில் என்றால், சேஸ் உறுதியாக உள்ளவரை பழையதைச் செப்பனிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஆட்டோமேட்டிக், மின்சாரக் கார்களை நம்பியிருப்பவர் ஃபிளாட்பெட் வாங்கட்டும். எதுவானாலும் ஏப்ரலிலேயே முடிவெடுத்துவிடுங்கள். ஜூனில் மழை இறங்கிவிட்டால் பட்டறைக்கும் நேரமிருக்காது, உங்களுக்கும் இருக்காது. பழையதைக் கழிப்பதாக இருந்தால் காயலாங்கடையில் போடாமல், பதிவுபெற்ற கழிவு மையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் காட்டினால் புதிய வணிக வாகனத்தின் சாலை வரியில் 15 விழுக்காடு வரை, எட்டு ஆண்டுகளுக்குச் சலுகை தர மத்திய விதி இடம் தருகிறது.