ஒரு தாயின் "ஏன்?"

சர்க்கரை சேர்க்காத டயட் குளிர்பான டின்னை அடுத்த தடவை கையில் எடுத்தா, திருப்பிப் பாருங்க. 'பினைல்கீட்டோனூரியா' உள்ளவர்கள் குடிக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கும்.

வாயில் நுழையாத இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு அம்மாவின் பிடிவாதம் இருக்கு. இன்னைக்கு அந்தக் கதை.

நார்வே, 1934. போர்க்னி எகலாண்ட் என்ற தாய்க்கு ரெண்டு பிள்ளைகள். பிறக்கும்போது ரெண்டும் நல்லாத்தான் இருந்தாங்க. ஆனா 6 வயது மகளுக்குச் சில வார்த்தைகள்தான் பேச்சு. 4 வயது மகனுக்கு நடையும் இல்லை, பேச்சும் இல்லை. பிள்ளைகள் மேல் விடாமல் ஒரு விநோதமான வாடை வேற.

போர்க்னி பார்க்காத டாக்டர் இல்லை. "ஏன் இப்படி ஆச்சு?" என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

கடைசியில் ஆஸ்லோவில் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் வந்தார். ஃபோலிங் வேதியியலும் படித்தவர். பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார். அடர் பச்சையாக மாறியது. அவர் அதுவரை பார்த்திராத நிறம்! லிட்டர் கணக்கில் சிறுநீர் கொண்டுவரச் சொன்னார். அம்மா சளைக்காமல் சுமந்தார். அதிலிருந்து பினைல்பைருவிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார் ஃபோலிங்.

என்னதான் நடக்குது உள்ளே?

பால், முட்டை, பருப்பு, கறி என எல்லாப் புரதத்திலும் பினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கு. அதை மாற்றிப் பயன்படுத்தக் கல்லீரலில் ஒரு நொதி வேணும். அந்த நொதிக்கான செய்முறை 12-வது குரோமோசோமில் ஒரு மரபணுவில் எழுதப்பட்டிருக்கு. அதில் பிழை (ம்யூட்டேஷன்) வந்தா நொதி வேலை செய்யாது. பினைல்அலனின் ரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுத்துவிடும்.

இந்த மரபணு நமக்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் மட்டும் பிழை என்றால் எந்தத் தொந்தரவும் இல்லை. ரெண்டிலும் பிழை இருந்தால்தான் நோய். பெற்றோர் ரெண்டு பேரும் தெரியாமலே ஒரு பிழையைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் 4-ல் 1 வாய்ப்பு.

கவனிங்க, இதில் தாயின் தப்பு என்று எதுவும் இல்லை. பிள்ளைக்கு ஒண்ணுன்னா முதலில் பெத்தவளைப் பேசும் நம்ம ஊருக்கு இது புரியணும்.

காரணம் தெரிந்தது. ஆனால் போர்க்னியின் பிள்ளைகளுக்கு அப்போது சிகிச்சை இல்லை.

அடுத்தும் ஒரு தாய்தான். 1951, இங்கிலாந்தின் பர்மிங்காம். "நோயின் பேர் தெரிஞ்சா போதுமா? என் மகளுக்கு வைத்தியம் என்ன?" என்று டாக்டர்களை விடாமல் கேட்டார். ஹார்ஸ்ட் பிக்கெல் குழுவினர் பினைல்அலனினை நீக்கிய தனி உணவைத் தயாரித்தார்கள். சில மாதங்களில் அந்தக் குழந்தை தவழ்ந்தது, பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. ஆனா ஏற்கெனவே கெட்டுப்போன மூளை முழுதாகத் திரும்பவில்லை.

அப்படின்னா, பிறந்த உடனேயே கண்டுபிடிக்கணும். அதைச் சாதித்தவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. அவர் மனைவியின் சகோதரி மகளுக்கே இந்த நோய் இருந்தது. குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு ரத்தம், ஒரு வடிதாள், அவ்வளவுதான் அவர் சோதனை. 1963-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கியது.

இன்று முதல் சில வாரங்களிலேயே உணவுமுறையைத் தொடங்கும் குழந்தைகள் பள்ளி, கல்லூரி, வேலை என்று எல்லோரையும் போல வாழ்கிறார்கள். மரபணுவின் பிழை அப்படியேதான் இருக்கு. மாறியது தட்டில் உள்ள சாப்பாடு மட்டும்.

நம்ம ஊரில் இந்தச் சோதனை எல்லாக் குழந்தைக்கும் தானாக நடந்துவிடுவதில்லை. நாமதான் கேட்கணும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் அவசியம் கேளுங்க. ஒரே பிழையை ரெண்டு பேரும் சுமக்கும் வாய்ப்பு அங்கே கூடுதல். குழந்தை பிறந்து 24 மணி நேரம் கழித்து, முதல் சில நாட்களுக்குள் எடுக்கணும்.

போர்க்னி கேட்ட மாதிரி, கூச்சப்படாம கேளுங்க.