கடதாசிச் சிறகும் முதல் விமானமும்

1903ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17ஆந் திகதி, அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையில், றைற் சகோதரர் தாம் செய்த பொறியில் வானிற் பறந்தனர் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் கையில் ஒரு பறக்கும் பொறி இருந்தது என்பதைப் பலர் அறியார். அது தக்கையும் மூங்கிலும் மெல்லிய கடதாசியும் கொண்டு செய்யப்பட்ட ஒரு விளையாட்டுப் பொருள். 1878ஆம் ஆண்டில் அவர்களின் தந்தையாரான பேராயர் மில்ரன் றைற் அதனைக் கைக்குள் மறைத்தபடி வீட்டுக்குள் வந்து, பிள்ளைகள் உற்றுப் பார்க்குமுன் மேலே எறிந்தார். எறிந்த பொருள் கீழே விழவில்லை. முறுக்கிய இறப்பர் நாடாவின் விசையால் அதன் சுழலிகள் சுழல, அது உட்கூரைவரை எழுந்து, சிறிது நேரம் படபடத்து, பின்னரே தரைக்கு இறங்கியது. அப்போது மூத்தவர் வில்பருக்கு வயது 11. இளையவர் ஓர்விலுக்கு 7.

விமானத்தின் சரித்திரத்தைச் சொல்வோர் பெரும்பாலும் பெரிய பொறிகளையும் பெரிய வெற்றிகளையுமே சொல்லிச் செல்வர். ஆயின் அப்பெரிய பொறி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிறிய மாதிரியுரு நின்றது. அம்மாதிரியுரு சிலருக்கு நல்லாசிரியனாயிற்று. வேறு சிலருக்கு இராமகாதையில் வரும் மாயமானாயிற்று. இந்த வேறுபாடு எதனால் வந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

விமானத்தின் வடிவத்தை முதன்முதல் தெளிவாகச் சிந்தித்தவர் இங்கிலாந்தின் யோக்சயர்ப் பகுதியில் வாழ்ந்த சேர் ஜோர்ஜ் கேலி (1773–1857) என்பவர். அவருக்கு முன்னிருந்தோர் பறவையைப் போலச் சிறகடித்து எழவே முயன்றனர். சிறகு தூக்குவதற்கு, வேறொரு விசை முன்னே தள்ளுவதற்கு என இரு வேலைகளையும் பிரித்துக் கண்ட பெருமை கேலிக்கே உரியது. 1799இல் அவர் இக்கருத்தை ஒரு சிறு வெள்ளித் தகட்டிற் பொறித்து வைத்தார். 1804இல் அதனைச் சோதித்துப் பார்க்க அவர் எடுத்த பொருள் என்ன? சிறுவர் விடும் சாதாரணக் கடதாசிப் பட்டமே! ஏறக்குறைய 5 அடி நீளமான கோலொன்றின்மேல் அப்பட்டத்தைச் சற்றுச் சாய்வாகப் பொருத்தி, கோலின் பின்முனையிற் சிலுவை வடிவான வாலொன்றை அமைத்து, குன்றின் உச்சியிலிருந்து விட்டார். அது அழகாகச் சறுக்கி இறங்கியது. இன்றைய விமானத்தின் உடல், சிறகு, வால் என்னும் மூன்று உறுப்புகளும் அந்தப் பட்டத்திலேயே அமைந்துவிட்டன. அது நிகழ்ந்து 49 ஆண்டுகளின் பின்னர், 1853இல், கேலியின் வண்டிச் சாரதி ஒருவர் பெரிய பொறியில் ஏறிப் பள்ளத்தாக்கொன்றைக் கடந்தார் என்பர்.

கேலிக்குப் பின்னர் குறிப்பிடத்தக்கவர் பிரான்ஸ் தேசத்தவரான அல்போன்ஸ் பெனோ (1850–1880). இடுப்பு நோயினால் கடற்படையிற் சேர இயலாது போன இவ்விளைஞர், தம் சிந்தையை வானத்தின்பாற் செலுத்தினார். முறுக்கிய இறப்பரைக் கொண்டு சுழலியைச் சுழற்றலாமென்று காட்டியவர் இவரே. 1871ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆந் திகதி பாரிஸ் நகரத்துத் துய்லெறிப் பூங்காவில் இவருடைய சிறு விமானம் 11 செக்கன்களில் ஏறக்குறைய 131 அடி தூரம் பறந்தது. அதன் சிறகு நுனிகள் மேல்நோக்கி வளைந்திருந்தன. வாற்சிறகு சிறிது கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. இவ்விரண்டினாலும் அது காற்றில் ஆடினாலும் தானாகவே நிலைக்குத் திரும்பியது. மனிதர் இருவர் ஏறிச்செல்லத்தக்க பெரிய விமானமொன்றுக்கும் பெனோ 1876இற் படம் வரைந்து காப்புரிமை பெற்றார். அதைச் செய்து முடிக்கப் பொருளுதவி கிட்டவில்லை. மனமுடைந்த அவர் தமது 30ஆவது வயதிலே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பேராயர் றைற் தம் மைந்தருக்குக் கொண்டுவந்த விளையாட்டுப் பொருள் பெனோவின் அமைப்பைப் பின்பற்றிச் செய்யப்பட்டதே. தம் வித்து எங்கே முளைத்தது என்பதை அறியாமலே அவர் மறைந்தார்.

சிறுவர் இருவரும் அப்பொருளைப் பார்த்துப் பல பிரதிகள் செய்தனர். சிறியவை நன்றாகப் பறந்தன. பெரிதாகச் செய்யச் செய்ய அவை பறக்க மறுத்தன. நீள அகலங்களை இரட்டித்தால் அதனைப் பறக்கச் செய்ய எட்டு மடங்கு வலு வேண்டும் என்பது அக்காலத்தில் தமக்குத் தெரியாதென்று 1908இல் அவர்களே எழுதியுள்ளனர். கணக்கு மிக எளியது. ஒரு பொருளின் அளவுகள் யாவற்றையும் இரட்டித்தால், காற்றை ஏந்தும் பரப்பு நாலு மடங்காகும். அது சுமக்கவேண்டிய நிறையோ எட்டு மடங்காகும். சிட்டுக்குருவி கிளையிலிருந்து விருட்டென்று எழ, மயில் ஓடி உந்தி எழுவதற்கும் இக்கணக்கே காரணம். இந்த உண்மையை அறியாதான் கையில் மாதிரியுரு பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

அறியாதவரை மட்டுமன்றி, பேரறிஞரையும் அது ஏமாற்றக்கூடும் என்பதற்குச் சாமுவேல் லாங்லியின் கதையே சான்று. வானியலறிஞரான இவர் வாஷிங்டனிலுள்ள சிமித்சோனியன் நிறுவனத்தின் தலைமைச் செயலாளராயிருந்தவர். 1896ஆம் ஆண்டு மே 6ஆந் திகதி, பொற்றோமாக் நதியில் நின்ற ஒரு படகின் கூரையிலிருந்து, 14 அடிக்குச் சற்றுக் குறைந்த சிறகு விரிவுடைய அவரது நீராவி விமானம், ஆளின்றி எழுந்து, ஏறக்குறைய 3,300 அடி பறந்து, மெல்ல நீரில் இறங்கியது. தொலைபேசி கண்ட கிரகாம் பெல் அதனை நேரிற் கண்டு புகைப்படமும் எடுத்தார். 1898இல் அமெரிக்க அரசின் யுத்தப் பகுதி 50,000 டொலர் வழங்கியது. லாங்லி அதே வடிவத்தை ஏறக்குறைய மூன்றரை மடங்கு பெருப்பித்துச் செய்வித்தார். பரப்பு 12 மடங்குக்கு மேலாயிற்று; கனவளவுக் கணக்கோ 43 மடங்கை அண்மிற்று. சிறியதில் உறுதியாய் நின்ற கட்டு, பெரியதில் நெகிழ்ந்தது. 1903 ஒக்டோபர் 7ஆந் திகதியும் டிசம்பர் 8ஆந் திகதியும் அப்பொறி, படகின் விளிம்பைத் தாண்டியதும் ஆற்றில் வீழ்ந்தது. அதில் ஏறிய பொறியியலாளர் சாள்ஸ் மான்லி இரண்டு முறையும் உயிர் தப்பினார். ஏவும் கருவியே பிழை செய்ததென்று லாங்லி கூறினார்; கட்டின் வலுவின்மையே காரணமென்று பின்வந்தோர் பலர் கருதினர். பத்திரிகைகள் அவரை எள்ளி நகையாடின. 1906இல் அவர் காலமானார்.

லாங்லியின் பொறி இரண்டாம் முறை வீழ்ந்து ஒன்பதாம் நாளே றைற் சகோதரர் பறந்தனர். அவர்களும் மாதிரியுருக்களையே நம்பினர். ஆனால் நம்பிய விதம் வேறு. 1899இல் டேற்றன் நகரிலுள்ள தமது சைக்கிட் கடையில், உட்குழாய் வந்த நீண்ட அட்டைப்பெட்டியொன்றை வில்பர் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு மூலை மேலெழ, அதற்கெதிர் மூலை தாழ்ந்தது. இரட்டைச் சிறகையும் இவ்வாறே முறுக்கினால் விமானத்தை வலமும் இடமும் சாய்த்து ஆளலாமே என்ற எண்ணம் அந்த அட்டைப்பெட்டியிற் பிறந்தது. உடனே 5 அடிப் பட்டமொன்றைக் கட்டி, நாலு கயிறுகளாற் சிறகை முறுக்கிச் சோதித்தார். பட்டத்துக்கு முச்சை கட்டி, காற்றுக்கேற்ப இழுத்தும் நெகிழ்த்தும் பழகிய நம் இளைஞருக்கு இச்சோதனையின் அருமை எளிதில் விளங்கும்.

1901இல் அவர்கள் செய்த பெரிய சறுக்கு விமானம், எதிர்பார்த்ததிலும் மிகக் குறைந்த தூக்குவிசையையே தந்தது. முன்னோர் கணித்த அட்டவணைகளை ஐயுற்ற சகோதரர், 6 அடி நீளமும் உள்ளே 16 அங்குலச் சதுரமுமான மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதனூடே காற்றைச் செலுத்தினர். அதனுள் 200 வரையான சிறு சிறகு வடிவங்களை ஒவ்வொன்றாக வைத்து அளந்தனர். அளக்கும் தராசு, இரும்பறுக்கும் வாளலகினாலும் சைக்கிட் கம்பியினாலும் ஆனது. காற்றமுக்கத்துக்கு வழிவழியாக வழங்கிய 0.005 என்னும் எண் மிகையென்றும், 0.0033 என்பதே பொருந்துமென்றும் தம் சோதனைகளாற் கண்டனர். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பெட்டிக்குள் இருந்த சிறு சிறகுகள் பறக்கவில்லை. பறக்குமாறு அவர்கள் கேட்கவுமில்லை. எந்த வளைவு எத்தனை பங்கு தூக்கும், எத்தனை பங்கு தடுக்கும் என்ற ஒரேயொரு கேள்வியையே கேட்டனர். பெரிய சிறகுக்கும் உதவக்கூடிய விடை அதுதான். லாங்லி தம் மாதிரியுருவிடம், "நீ பறப்பாயா?" என்று கேட்டார், அது, "ஆம், நான் பறப்பேன்," என்றது. தன்னைவிடப் பெரியதொன்று பறக்கும் என்று அது ஒருபோதும் சொல்லவில்லை.

இவ்வாறு பிறந்த 1903ஆம் ஆண்டு விமானம் 40 அடி 4 அங்குலச் சிறகு விரிவும், 605 இறாத்தல் நிறையும், 12 பரிவலு இயந்திரமும் உடையது. முதற் பறப்பில் ஓர்வில் 12 செக்கன்களில் 120 அடி சென்றார். அன்றைய நாலாம் பறப்பில் வில்பர் 59 செக்கன்களில் 852 அடி சென்றார். சிறிது நேரத்தில் பெருங்காற்றொன்று நின்ற விமானத்தைப் புரட்டிச் சிதைத்துவிட்டது. அது மீண்டும் பறந்ததில்லை.

உருவை மாற்றினால் சரித்திரமும் மாறும் என்பதற்குப் பின்னர் ஓர் உதாரணம் நிகழ்ந்தது. 1914இல், றைற் சகோதரரோடு காப்புரிமை வழக்காடிய கிளென் கேர்ட்டிஸ், லாங்லியின் பழைய பொறியைச் செப்பனிட்டு, மிதவை பூட்டி, சிறகிலும் கட்டிலும் பல மாற்றங்கள் செய்து, ஏரியொன்றின்மேற் சிறிது தூரம் எழச் செய்தார். மனிதனைச் சுமந்து பறக்கவல்ல முதல் விமானம் இதுவே என்ற குறிப்போடு சிமித்சோனியன் அதனைக் காட்சிக்கு வைத்தது. வெகுண்ட ஓர்வில் தம் விமானத்தை 1928இல் இலண்டன் விஞ்ஞான நூதனசாலைக்கு அனுப்பிவிட்டார். 1914இல் செய்த மாற்றங்கள் எவை என்பதை 1942இற்றான் சிமித்சோனியன் வெளிப்படையாக அச்சிட்டது. விமானம் 1948 டிசம்பரில் வாஷிங்டன் திரும்பியபோது ஓர்வில் உயிரோடில்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே அவர் காலமாகிவிட்டார்.

ஆகவே, இவ்விமானத்தைக் கடதாசியிற் செய்து பார்க்க விரும்பும் இளைஞன் செய்வது வெறும் விளையாட்டன்று. அடிக்குக் கால் அங்குலம் என அளவு கொண்டால் சிறகு விரிவு 10 அங்குலத்துக்குச் சற்று மேலாக வரும். தடித்த சித்திரத் தாளும், தென்னை ஈர்க்கும், கறுப்பு நூலும், பசையும் போதும். ஆனால் கண்ணுங் கருத்துமாகச் செய்யவேண்டும். வலச் சிறகு இடச் சிறகிலும் 4 அங்குலம் நீண்டது. ஏனெனில் வலப்புறம் இருந்த இயந்திரம் இடப்புறம் படுத்த மனிதனைவிடப் பாரமானது. நம் கடதாசியில் அந்த 4 அங்குலம், ஓர் அங்குலத்தின் 12இல் ஒரு பங்கேயாகும். இரு சுழலிகளும் எதிரெதிராகச் சுழன்றன. அதற்காக ஒரு சங்கிலியை எட்டு என்னும் ஆங்கில இலக்கம் போலக் குறுக்காக மாட்டினர். சிறகின் முன்புறம் இறுகக் கட்டப்பட்டிருக்க, வெளிப்பக்கத்துப் பின்னோரம் முறுகுவதற்கு விடப்பட்டிருந்தது. எல்லா நூலையும் பசையால் ஒட்டிவிட்டால் மாதிரியுரு பார்வைக்கு அழகாயிருக்கும், சிறகு முறுகாது. அந்த நூல்களை மட்டும் ஓடவிட்டு இழுத்துப் பார்த்தால், ஒரு நுனி எழ மறுநுனி தாழும். அட்டைப்பெட்டி தந்த பாடம் விரல் நுனியில் மீண்டும் விளங்கும்.

இன்னுமொன்று காணலாம். பெனோவின் சிறகு நுனிகள் மேல்நோக்கின. றைற் விமானத்தின் சிறகுகளோ நடுவிலிருந்து நுனி நோக்கிச் சற்றுத் தாழ்ந்தவை. ஆளில்லாது பறக்கும் பொறி தன்னைத் தானே நிலைப்படுத்த வேண்டும். றைற் சகோதரர் நிலையை மனிதனின் கைத்திறனிடம் ஒப்படைத்தனர். எனவே, இக்கடதாசி விமானத்தை மாடியிலிருந்து எறிந்தால் அது குப்புற விழும். அதனைச் செய்தவனுடைய குற்றமன்று. 1999இல் முழு அளவிற் செய்த பிரதியொன்றைப் பெருங்காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்ந்தவர்களும் அது ஆளுதற்கு மிகக் கடினமானதென்றே கண்டனர். 2003 டிசம்பர் 17ஆந் திகதி, நூற்றாண்டு விழாவன்று, கூடிய மக்கள் முன்னிலையில் மற்றொரு பிரதியைப் பறக்கவிட முயன்றபோது, மழையும் காற்றுக் குறைவும் சேர, அது எழாமலே நின்றுவிட்டது.

நம் வாலிபரிடையே கைவேலையைத் தாழ்வாகவும் ஏட்டுக்கல்வியை உயர்வாகவும் எண்ணும் வழக்கம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. றைற் சகோதரர் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர்; ஆயினும் வாசித்தனர், அளந்தனர், கணக்கிட்டனர், கையாற் செய்தனர். இவற்றுள் ஒன்றைக் கைவிட்டிருந்தாலும் அவர்கள் பொறி மணலிலேயே கிடந்திருக்கும். சங்கத்து இளைஞர் சிலர் ஒன்றுகூடி, ஒரு விடுமுறையில் இக்கடதாசி விமானத்தைச் செய்து வாசிகசாலையில் வைப்பார்களாயின், சிறுவர்கள் அதனைச் சூழ்ந்து நின்று, "ஏன் அண்ணா ஒரு சிறகு நீளமாயிருக்கிறது?" என்று கேட்பார்கள். அக்கேள்விக்கு விடைசொல்லத் தொடங்கும் இடத்திலேயே விஞ்ஞான பாடமும் தொடங்கிவிடும்.