படகு டேங்கில் சோளச் சாராயம்

நியூயார்க்குக்கும் கனெக்டிகட்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கடற்கழி லாங் ஐலண்ட் சவுண்ட். 2004-க்குப் பிறகு அங்கே பழைய உல்லாசப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி நிற்கத் தொடங்கின. எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகளுக்குத் திகைப்பு. வால்வுத் தண்டுகளில் தார் போலக் கறுத்த பிசின் அப்பிக் கிடந்தது. வால்வு சிக்கிக்கொண்டதால் புஷ்ராடுகள் வளைந்திருந்தன. ஃபில்டரிலும் அதே கறுப்பு. பெட்ரோல் கெட்டுப்போயிருக்கும் என்று டேங்கைக் காலி செய்து புதிதாக நிரப்பினாலும் சில வாரங்களில் பிசின் திரும்ப வந்தது.

படகுகளில் ஓர் ஒற்றுமை இருந்தது. பெரும்பாலானவை 1960-களிலிருந்து 1980-களுக்குள் கட்டப்பட்ட பெர்ட்ராம், ஹாட்டராஸ் ரகங்கள். பெட்ரோல் டேங்கும் ஃபைபர் கிளாஸ். போட்யூஎஸ் என்ற படகு உரிமையாளர் சங்கம் மாதிரிகளைத் திரட்டி ஆய்வகத்துக்கு அனுப்பியது. டேங்கின் சுவரைப் பிணைத்திருந்த பாலியெஸ்டர் பிசினே கரைந்து பெட்ரோலோடு எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்தது என்பது தெரியவந்தது. கரைத்தது எத்தனால், அதாவது அமெரிக்காவில் மக்காச்சோளத்திலிருந்து காய்ச்சும் ஆல்கஹால்.

2004 ஜனவரி 1 முதல் நியூயார்க், கனெக்டிகட் இரண்டும் பெட்ரோலில் எம்டிபிஇ என்ற வேதிப்பொருள் கலப்பதைத் தடை செய்திருந்தன. அது விட்ட இடத்தை எத்தனால் பிடித்தது: நூற்றுக்குப் பத்துப் பங்கு. காருக்கு அதனால் பெரிய தொல்லை எதுவுமில்லை. படகுக்காரர்களோ விஷயம் தெரியாமலே டேங்கை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆல்கஹாலும் எஞ்சினும் பழைய கூட்டாளிகள். அமெரிக்காவின் சாமுவேல் மோரி 1826-லேயே டர்பன்டைனும் ஆல்கஹாலும் கலந்து எஞ்சின் ஓட்டிப் பார்த்தவர். உள்நாட்டுப் போரின்போது சாராயத்துக்குப் போட்ட வரி எரிபொருள் ஆல்கஹாலையும் சேர்த்து முடக்கியது. 1906-ல்தான் தொழிலுக்கான ஆல்கஹாலுக்கு அந்த வரி நீங்கியது. ஓலே எவின்ரூட் மில்வாக்கியில் படகின் பின்னால் மாட்டும் தம் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே காலத்தில்தான், 1909-ல். பெட்ரோல் எஞ்சினின் ‘நாக்கிங்’ என்ற தட்டலை அடக்கும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி பரிந்துரைத்தவற்றுள் ஆல்கஹாலும் ஒன்று. ஆனால் 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் ஈயம் தட்டலை அடக்குவதை அவரே கண்டுபிடித்துவிட்டார். ஒரு கேலனுக்குச் சிட்டிகை அளவு போதும், காப்புரிமையும் எடுக்கலாம். ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், அதில் என்ன லாபம்? ஈயம் அரை நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சியது.

ஈயத்தின் நஞ்சு தெரிந்து அது விலக்கப்பட்டபோது அதன் இடத்துக்கு வந்தவற்றுள் முக்கியமானது எம்டிபிஇ. தட்டலை அடக்கும், ஆக்சிஜனையும் கூடவே கொண்டுவருவதால் புகையில் கார்பன் மோனாக்சைடு குறையும். 1990-ல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம் மாசு மிகுந்த நகரங்களின் பெட்ரோலில் ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்றது. சோள வயல்களுக்கு அருகிலிருந்த சிகாகோவும் மில்வாக்கியும் எத்தனாலை எடுத்துக்கொண்டன. இரு கடற்கரைகளும் எம்டிபிஇ-யை எடுத்துக்கொண்டன. நிலத்தடி டேங்குகளிலிருந்து கசிந்த அது வெகுதூரம் ஓடியது. 1996-ல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம் கிணறுகளை மூடிவிட்டுத் தன் குடிநீரில் ஏறத்தாழப் பாதியை வெளியிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் படகுக்காரர்களும் முழுக்க அப்பாவிகள் இல்லை. கார்புரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் தான் குடிக்கும் பெட்ரோலில் கால் பங்கு வரை எரிக்காமலே தண்ணீரில் துப்பும். தாஹோ ஏரியில் எம்டிபிஇ தென்பட்டபோது விரல் அந்த மோட்டார்களை நோக்கியே நீண்டது. 1999 ஜூன் முதல் அவற்றுக்கு அங்கே தடை. அதே ஆண்டு கலிஃபோர்னியா ஆளுநர் எம்டிபிஇ-யை ஒழிக்க ஆணையிட்டார். நியூயார்க்கும் கனெக்டிகட்டும் பின்தொடர்ந்தன.

ஃபைபர் கிளாஸ் டேங்க் முட்டாள்தனமான ஏற்பாடு அல்ல. 1960-ல் மயாமி–நாசோ பந்தயத்தில் ‘மாப்பி’ என்ற மரப்படகு, அலையைக் கிழித்துப்போகும் ஆழ்ந்த வி-வடிவ அடித்தளத்தால் வென்று பெயர் வாங்கியது. அதன் வழிவந்த பெர்ட்ராம் 31 ஃபைபர் கிளாஸில் வார்க்கப்பட்டது. உடலே ஃபைபர் கிளாஸ் என்றால் டேங்க் மட்டும் ஏன் அரிக்கும் உலோகமாக இருக்க வேண்டும்? உப்புக்காற்றில் அலுமினியம் குழி விழும், எஃகு துருப்பிடிக்கும். ஃபைபர் டேங்கோ படகின் ஆயுளுக்கும் நிற்கும். அன்றைய பெட்ரோலுக்கு அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. டேங்கை மாற்றும் நாள் வரும் என்று யாரும் நினைக்காததால் அது தளத்துக்கு அடியில் புதைக்கப்பட்டது. எடுக்க வேண்டிவந்தபோது தளத்தை அறுத்தார்கள். சில படகுகளில் எஞ்சினையே தூக்க வேண்டியிருந்தது. படகின் சந்தை விலையைவிடச் செலவு அதிகம் என்று கைவிட்டவர்களும் உண்டு.

கரைக்கும் குணத்தோடு எத்தனாலுக்கு இன்னொரு குணமும் உண்டு: தண்ணீர் மோகம். வெறும் பெட்ரோலில் தண்ணீர் அநேகமாகக் கரையாது. அடியில் தங்கும், ஃபில்டரில் பிடித்துவிடலாம். பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், சுமார் 15 டிகிரி வெப்பத்தில் நூறு லிட்டருக்கு அரை லிட்டர் தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். கரைந்த தண்ணீரை எந்த ஃபில்டரும் பிரிக்காது. அரை லிட்டருக்கு மேல் போனால் கலவை உடைந்து, தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு அடியில் இறங்கும். எரிபொருள் உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. மேலே மிஞ்சும் பெட்ரோலோ எத்தனாலை இழந்து தட்டலைத் தாங்கும் ஆக்டேன் திறன் குறைந்துபோயிருக்கும். காரின் டேங்க் மூடியிருப்பது, வாரம் ஒருமுறை காலியாவது. படகின் டேங்குக்குக் காற்றோட்டக் குழாய் உண்டு. வட அமெரிக்கக் குளிரில் படகு பாதி ஆண்டு கரையில் உறங்கும். இருந்தாலும் காற்றின் ஈரத்தை எத்தனால் உறிஞ்சியே டேங்கைக் கெடுத்துவிடும் என்ற பேச்சு கொஞ்சம் மிகை. பெரும்பாலான தண்ணீர் தேய்ந்துபோன மூடி வளையம் வழியாகத்தான் இறங்குகிறது. எத்தனாலைத் திட்டிக்கொண்டே பல உரிமையாளர்கள் சில்லறைக் காசு பெறும் ரப்பர் வளையத்தை மாற்றாமல் விட்டார்கள்.

எத்தனாலுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் காலத்துக்கேற்ப மாறின. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அது இறக்குமதியைக் குறைக்கும் வழி. 1978-ல் வரிச்சலுகை கிடைத்தது. பிறகு உழவரின் சோளத்துக்குச் சந்தை, பிறகு தூய காற்று, 2005 எரிசக்திச் சட்டத்துக்குப் பின் கட்டாயக் கொள்முதல். இந்தச் சட்டங்களை எழுதிய மேசைகளில் படகு நினைவுக்கு வந்த மாநிலங்கள் சிலவே. அவற்றில் ஒன்று மின்னசோட்டா. 1997 முதல் மாநிலம் முழுக்கப் பத்து சதவீத எத்தனாலைக் கட்டாயமாக்கிய அது, படகு, பனிவண்டி, புல்வெட்டி, பழங்கால மோட்டார் வண்டி ஆகியவற்றுக்காக எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க இடம் வைத்தது. பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்று வண்டி நம்பர் பலகையிலேயே எழுதிக்கொள்ளும் மாநிலம் அது. சோளம் விதைக்கிறவர் கோடையில் ஏரிக்கும் போகிறவர். சட்டமன்றத்தில் இரண்டு தரப்பும் அவரேதான்.

சண்டை பெரிதானது எத்தனால் அளவைப் பத்திலிருந்து பதினைந்து சதவீதமாக உயர்த்த முயன்றபோது. 2009-ல் எத்தனால் உற்பத்தியாளர்கள் விண்ணப்பித்தார்கள். 2010, 2011 ஆணைகளில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2001-லும் அதற்குப் பின்னும் வந்த கார்களுக்கு அனுமதி தந்து, படகுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சிறு எஞ்சின்களுக்கும் மறுத்தது. மறுப்புக்கு வலு சேர்க்கும் சோதனை முடிவும் வந்தது. எரிசக்தித் துறையின் ஆய்வகத்துக்காக மெர்க்குரி நிறுவனம் அவுட்போர்டு மோட்டார்களை 300 மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டும் சோதனை நடத்தியது. 2011-ல் வெளியான முடிவின்படி பதினைந்து சதவீத எத்தனாலில் ஓடிய 300 குதிரைத்திறன் எஞ்சினில் வால்வுகள் உடைந்தன, டூ-ஸ்ட்ரோக்கில் பேரிங் போனது. எத்தனால் தன்னோடு ஆக்சிஜனைக் கொண்டுவருவதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும். காரின் கணினி அதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிவிடும். அத்தகைய உணர்கருவி இல்லாத எஞ்சின் மெலிந்த கலவையில் கொதித்துப்போகும்.

சிறு எஞ்சின்களில் ஆபத்து வேறு ரூபம் எடுத்தது. எரிசக்தித் துறை 2008-ல் வெளியிட்ட சோதனையில், எத்தனால் கூடியபோது கைக் களைவெட்டிகள் சிலவற்றின் சும்மா ஓடும் வேகம் ஏறி, கிளட்ச் தானாகவே பிடித்தது. ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வெட்டும் முனை சுழன்றது. பம்பில் ஆரஞ்சு நிற எச்சரிக்கைச் சீட்டு ஒட்டினார்கள். ஆனால் ஒரே குழாயில் பல கலவை வழங்கும் பம்பில் முந்தைய ஆள் விட்டுப்போனது குழாய்க்குள் மிச்சமிருக்கும். அதன் செறிவைக் குறைக்கக் குறைந்தது நான்கு கேலன் வாங்க வேண்டும் என்றொரு ஏற்பாடு 2012-ல் வந்தது. புல்வெட்டியின் டேங்க் ஒரு லிட்டருக்குப் பக்கம்! படகு, கார், தோட்டக்கருவித் தொழில்களின் சங்கங்கள் நீதிமன்றம் போயின. வழக்குத் தொடுக்கத் தகுதி இல்லை என்று 2012-ல் திருப்பி அனுப்பப்பட்டன. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொள்ள மறுத்தது.

சட்டத்தில் தோற்றவர்கள் சந்தையில் வழி தேடினார்கள். 2008-ல் எத்தனாலைக் கட்டாயமாக்கி 2013-ல் அதை நீக்கிய ஃபுளோரிடாவில், ரெக்-90 என்ற எத்தனால் இல்லாத பெட்ரோல் படகுத்துறைகளில் கூடுதல் விலைக்குப் போகிறது. ரம்பத்துக்கும் புல்வெட்டிக்கும் தகர டப்பாவில் அடைத்த பெட்ரோல் வந்தது. விலை பம்பு விலையைப் போலப் பல மடங்கு. தண்ணீரோடு அவ்வளவு உறவாடாத ஐசோபியூட்டனாலைப் படகுத் தொழில்துறை பல ஆண்டுகள் சோதித்து ஆதரித்தது; 2018-ல் பதினாறு சதவீதம் வரை கலக்க அனுமதியும் கிடைத்தது. ஆனால் எத்தனால் ஆலைகள் ஊருக்கு ஊர் எழும்பிவிட்ட பிறகு அனுமதி வந்து என்ன பயன்?

இந்தியாவில் 2003-ல் ஐந்து சதவீத எத்தனால் கலப்பு தொடங்கிய ஒன்பது மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2022-ல் பத்து, 2025-ல் இருபது என நாடு அமெரிக்காவைத் தாண்டிவிட்டது. விவாதம் முழுக்க கார், இருசக்கர வண்டியைச் சுற்றியே நடக்கிறது. தமிழக, கேரளக் கடற்கரைகளில் ஃபைபர் படகுகள் பலவற்றின் அவுட்போர்டு மோட்டார்கள் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை என்பதால் எத்தனால் அங்கே கிளப்பும் வேளையோடு நின்றது. இப்போது மானிய மண்ணெண்ணெய் ஒதுக்கீடு சுருங்கிவருகிறது. கேரளத்தில் பெட்ரோலுக்கும் எல்பிஜி-க்கும் மாறும் யோசனைகள் எழுந்திருக்கின்றன. பெட்ரோல் என்று முடிவானால் கரையோரப் பம்பில் கிடைப்பது இருபது சதவீத எத்தனால் கலந்ததுதான்.