மின்னோட்டத்தின் திசையும் வன்னியின் அனுபவமும்

முல்லைத்தீவுக் கரையிலே, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் முள்ளிவாய்க்கால். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் நெடும்போர் முடிவுற்றதும், எண்ணற்ற பொதுமக்கள் உயிர்நீத்ததும் இங்கேயே. இந்நிலத்தை உள்ளடக்கிய வன்னி, மின்னோட்டத்தை மாற்றியமைக்கும் கலையை ஏட்டிற் கற்றதினும் இடரிற் கற்றதே மிகுதி.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், தேசிய மின்தொகுதியோடு வடபுலத்துக்கு இருந்த தொடர்பு அறுந்தது. பொருளாதாரத் தடையினால் வானொலிக்கு வேண்டிய மின்கலங்களும் கிடைத்தற்கரியவாயின. செய்தி அறிவதோ உயிர்காக்கும் தேவை. அவ்வேளையிலே சைக்கிள் தைனமோ கைகொடுத்தது. ஒருவர் மிதிக்க, சூழ இருந்தோர் செய்தி கேட்டனர். தைனமோவினுள் காந்தம் சுழலுந்தோறும் வடமுனையும் தென்முனையும் மாறி மாறிச் சுருளைக் கடக்கின்றன. ஆதலின் முன்னும் பின்னுமாய்ப் பாயும் ஆடலோட்டம் பிறக்கின்றது. வானொலி வேண்டுவதோ ஒரே திசையிற் பாயும் நேரோட்டம். ஒருவழிக் கதவு போன்ற இருவாயிகளே அதனைச் சீராக்குவன.

இச்செயலின் மறுதலையைச் செய்வது இன்வேர்ட்டர். 1925இல் டேவிட் பிரின்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இப்பெயரையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். சீராக்கியைத் தலைகீழாக இயக்கினால் நேரோட்டம் ஆடலோட்டமாகும் என்பதே அதன் கருத்து.

வாகன மின்கல அடுக்குத் தருவது 12 வோல்ற்று நேரோட்டம். அதனை நிலைமாற்றியால் நேரே உயர்த்தல் இயலாது; காந்தப்புலம் மாறினாலன்றி நிலைமாற்றியின் மறுசுருளில் மின் தோன்றாது. ஆகவே இன்வேர்ட்டரின் ஆளிகள் இரண்டு அணிகளாய் மாறி மாறி மூடித் திறக்கின்றன. ஓர் அணி மூடுங்கால் ஓட்டம் ஒரு திசையிலும், மற்றையது மூடுங்கால் எதிர்த்திசையிலும் செல்லும். செக்கனுக்கு 100 முறை திசை மாற, 50 சுற்றுகள் நிறைவுறும். நிலைமாற்றி அதனை 230 வோல்ற்றாக உயர்த்த, வீட்டு விளக்கு எரியும். முன்னாளில் அதிரும் தகடு செய்த ஆளிவேலையை, இன்று அசையும் உறுப்பற்ற திரான்சிற்றர்கள் செய்கின்றன.

போரின் பின்னர்த் தேசிய மின்சாரம் வன்னிக்கு மீண்டது. கூரைமேற் சூரியத் தகடுகள் தரும் நேரோட்டமும் இன்வேர்ட்டர் வழியே ஆடலோட்டமாகிப் பயன்படுகின்றது. அன்று தைனமோ மிதித்தவர்கள் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் வாயாலேயே அவ்வரலாற்றை மாணவர் கேட்டறியச் செய்தல் பள்ளிகளின் கடனாகும்.