சதுரங்க விதிகளும் திருத்தங்களும்: நாட்டு ஆட்டம் முதல் உலக ஆட்டம் வரை

தர்மபுரி மாவட்டத்தில் பள்ளிப் போட்டியில் ஆடும் மாணவியும் பாரிசில் ஆடும் கிராண்ட்மாஸ்டரும் இன்று ஒரே விதிகளின்படிதான் காய் நகர்த்துகின்றனர். இது பழங்காலம் தொட்டு இருந்துவரும் நிலை அன்று. 1960கள் வரை இந்தியாவில் பலர் வட்டார விதிகளின்படியே சதுரங்கம் ஆடிவந்தனர். அவ்விதிகள் மறைந்து உலக விதிகள் நிலைபெற்ற வரலாறு, ஒரு விளையாட்டின் விதியைத் திருத்தும் உரிமை யாருக்கு என்ற கேள்வியோடு பிணைந்தது.

நாட்டு விதிகள்

இந்திய ஆட்டத்தில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்கு ஈடாக, முற்றுகைக்கு ஆளாகாத அரசன் ஆட்டத்தில் ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். கடைசி வரிசையை அடையும் காலாள், பல இடங்களில், அந்த நெடுவரிசைக்குரிய காயாக மட்டுமே உயரும். இவையும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. எழுதிய சட்டநூல் இல்லாததால், ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் பேசி முடிவு செய்துகொள்வதே வழக்கம். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகளின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுவதும் இதே வகைதான்.

இரு முறைகளும் அருகருகே இருந்ததற்கு 1814இல் பம்பாயில் வெளியான திருவேங்கடாசாரிய சாஸ்திரியின் நூல் சான்று. சமஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலமாக்கப்பட்ட அந்நூல், ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைக்கப்பட்டது என்று தன் தலைப்பிலேயே அறிவித்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் ஜான் காக்ரேனோடு ஆடிய மொகேஷ்சந்திர பானர்ஜி, காலாளை மெல்ல நகர்த்தி அமைச்சரை ஓரமாக வெளிக்கொணரும் பாணியைக் கையாண்டார். இன்று 'இந்தியத் தடுப்பு' எனப்படும் தொடக்கங்களின் பெயர் அந்த ஆட்டங்களிலிருந்து வந்தது.

பழையதை மறந்து கற்றல்

விதி மாற்றத்தின் சுமையை உணர்த்துபவர் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். நாட்டு முறையில் வளர்ந்த அவர் 1926இல்தான் ஐரோப்பிய விதிகளைக் கற்றார். 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானிய வாகையர் பட்டம் வென்றார். ஆனால் பிறர் இளமையிலேயே கற்றிருந்த தொடக்க நகர்வுகளை அவர் வளர்ந்தபின் படிக்க வேண்டியிருந்தது. அதுவே அவரது பலவீனமாகச் சொல்லப்பட்டது.

1951இல் அனைத்திந்திய சதுரங்கக் கூட்டமைப்பு தோன்றியது. 1955இல் ஏலூரில் தேசிய வாகையர் போட்டி நடந்தது. தமிழகத்தின் மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். தேசியப் பட்டத்தை 9 முறை வென்ற அவர், உலக விதிகளும் பயிற்சி முறைகளும் இங்கு பரவ உழைத்தவர்களில் முதன்மையானவர். 1988இல் விசுவநாதன் ஆனந்த் கிராண்ட்மாஸ்டரானபோது பழைய விதிகள் போட்டிக் களத்திலிருந்து மறைந்துவிட்டன.

எழுதிய விதியும் முடிவதில்லை

1924இல் பாரிசில் தொடங்கப்பட்ட உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு (ஃபிடே) 1929இல் தன் முதல் விதித்தொகுப்பை வெளியிட்டது. எழுதிவிட்டதால் ஐயங்கள் தீரவில்லை. 1952இல் விதிகளுக்கென நிலையான குழு அமைக்கப்பட்டது.

ஐம்பது நகர்வு விதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காய் வெட்டோ காலாள் நகர்வோ இன்றி இருவரும் ஐம்பது நகர்வுகள் ஆடினால் சமன் கோரலாம். சில இறுதியாட்டங்களில் வெல்ல ஐம்பதுக்கு மேல் தேவை என்று கணினி ஆய்வு காட்டியதும், 1980களில் அவற்றுக்கு மட்டும் வரம்பு நீட்டப்பட்டது. விதிவிலக்குகள் குழப்பம் தந்ததால் 1992இல் எல்லாவற்றுக்கும் மீண்டும் ஐம்பதே என்றாயிற்று. எழுபத்தைந்து நகர்வுகளில் யாரும் கோராமலே ஆட்டம் சமனாகும் விதி 2014இல் சேர்ந்தது.

மேசையில் ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளும் இதே சிக்கலைச் சந்திக்கின்றன. 1974இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 2000இல் மூன்றாம் பதிப்பைக் கண்டது. மூன்றே ஆண்டுகளில் 3.5 என்ற திருத்தப் பதிப்பு வந்தது. பழைய நூலை வைத்திருப்பவரும் புதியதை வாங்கியவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் எது செல்லும் என்ற கேள்வி எழும். அங்கு அதை ஆட்டத்தை நடத்துபவர் தீர்க்கலாம். சதுரங்கப் போட்டியில் அந்த நெகிழ்ச்சி இல்லை.

பெற்றதும் இழந்ததும்

ஒரே விதி வந்ததால் சிற்றூர் மாணவருக்கும் உலக அரங்கின் கதவு திறந்தது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் பல நாட்டவர் மொழி தெரியாமலே எதிரெதிரே அமர்ந்து ஆட முடிந்ததும் அதனால்தான். அதே வேளையில், திருத்தம் வந்ததை உரிய நேரத்தில் அறியாதவர் பலகையில் தோற்காமலே ஆட்டத்தை இழக்கக்கூடும். எனவே திருத்தங்கள் மாணவருக்குப் புரியும் மொழியில், போட்டிக்கு முன்பே சென்றுசேர வேண்டும்.

உலக விதிகளின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆவணம் உண்டு. திண்ணையில் பேசித் தீர்த்த நாட்டு விதிகளில் பெரும்பகுதிக்கு அது இல்லை. அவற்றை ஆடிய முதியோர் ஊரில் இருந்தால், கேட்டு எழுதிவைப்பது மாணவர்கள் செய்யத்தக்க வரலாற்றுப் பணியாகும்.