கடலிற் கழிந்த நாட்கள்



கனகராயன்குளத்துப் பிள்ளைகளுக்குக் கடல் நெடுந்தொலைவு. அலையைக் காண விரும்பினால் முல்லைத்தீவு வரை செல்லல் வேண்டும். எனினும் ஒரு நாள் மாணவன் ஒருவன், “வாரக்கணக்காகக் கப்பலிற் போனவர்கள் பொழுதை எவ்வாறு போக்கினார்கள், ஐயா?” என வினவினான். அவனுக்குக் கூறிய விடையையே ஈண்டு உங்களுக்கும் கூறுகின்றேன்.

ஆகாய விமானம் பெருவழக்காகாத அந்நாளிலே, பம்பாய்க்கும் ஐரோப்பாவுக்கும் இடையே இரண்டு மூன்று வாரங்கள் கடலிலே கழியும். சீட்டாடுவோர் சிலர், மேற்றளத்தில் உலாவுவோர் சிலர், சாய்வு நாற்காலியிற் கண்ணயர்வோர் பலர். இவர்களிடையே தமிழர் இருவர் வேறு வகையிற் பொழுது போக்கினர்.

முதல்வர் சி. வி. இராமன். 1921ஆம் ஆண்டு ஒக்ஸ்போட் மாநாட்டுக்குச் சென்று, ‘நர்க்குண்டா’ என்னும் கப்பலில் அவர் தாயகம் திரும்பினார். மத்தியதரைக்கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலிலே தெறித்துத் தோன்றுகின்றது என்பது அறிஞர் இறேலி பிரபுவின் கருத்து. இராமனோ நிக்கல் அரியம் ஒன்றைக் கண்ணருகே பிடித்து, நீர்ப்பரப்பிலே தெறிக்கும் ஒளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, மேலும் செறிந்தது! நீரே ஒளியைச் சிதறச் செய்கின்றது என உணர்ந்த அவர், பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார். அவ்வழியே தொடர்ந்த ஆராய்ச்சி 1928இல் ‘இராமன் விளைவு’ ஆகக் கனிந்தது. 1930இல் நோபல் பரிசு கிட்டியது.

மற்றவர் இராமனின் தமையனார் மைந்தர், சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930 யூலை 31ஆம் நாள், பத்தொன்பது வயதிலே, கேம்பிரிட்ஜ் செல்லும் பொருட்டுப் பம்பாயிற் கப்பலேறினார். சென்னையிலே தாயார் நோயுற்றிருந்தார். எனினும் மகன் போகவேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. மறு ஆண்டு அவர் காலமானார். மகன் அவரை மீண்டும் காணவில்லை.

கடற்கொந்தளிப்பு அடங்கியபின் அவ்விளைஞர் கணக்கில் ஆழ்ந்தார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் யாவும் சுருங்கி, ‘வெண்குள்ளன்’ ஆகி அமைதியுறும் என்பது அன்றைய எண்ணம். சந்திரசேகர் சார்புக் கொள்கையையும் அக்கணக்கிலே சேர்த்தார். குறித்த திணிவுக்கு மேற்பட்ட நட்சத்திரத்துக்கு அவ்வமைதி கிட்டாது என்னும் முடிவு பிறந்தது. அவ்வெல்லை சூரியனின் திணிவைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று கொள்ளப்படுகின்றது. 1935இல் பேரறிஞர் எடிங்டன் அதனைச் சபையிலே எள்ளி நகையாடினார். 1983இல் சந்திரசேகருக்கும் நோபல் பரிசு வந்தது.

நேயர்களே, காத்திருத்தல் வன்னி மக்களுக்குப் புதிதன்று. 2009ஆம் ஆண்டிலே செட்டிகுளத்து முகாம்களில் எம் மக்கள் நாளெண்ணியிருந்தனர். கப்பலேறியவர் விரும்பி ஏறினர். நாம் விரும்பிச் சென்றோமல்லோம். இரண்டையும் ஒன்றெனக் கூறின் அது பொய்யாகும். ஆயினும் அக்கூடாரங்களின் கீழும் பிள்ளைகள் கணக்குச் செய்தனர்; பரீட்சை எழுதினர். கரை எப்போது தோன்றும் என்பது அவர்கள் கையில் இருக்கவில்லை. கையிலிருந்தது கொப்பியும் பென்சிலுமே.

வினவிய மாணவனிடம் நான் இறுதியாகச் சொன்னதும் இதுவே: “தம்பி, அவர்கள் பொழுதைப் போக்கவில்லை, போக விடாமற் பிடித்துக்கொண்டார்கள்.”