படகு நகராது, தீவு நகரும்

கார் கிளம்பியாச்சு. செல்போனை முன்னால் மாட்டி, போக வேண்டிய இடத்தையும் சொல்லியாச்சு. இப்போது ஒரு நிமிஷம் அந்த ஸ்கிரீனைக் கவனியுங்கள். (டிரைவர் வேண்டாம். பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்த்தால் போதும்!) நடுவில் ஓர் அம்புக்குறி. அதுதான் நீங்கள். அது இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. தெருக்கள்தான் எதிரே வந்து, உங்களைத் தாண்டி, கீழே போய் மறைகின்றன. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ஊரே ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறது.

காகித மேப் அப்படி இல்லை. அதில் வடக்கு என்றால் எப்போதும் மேலேதான். ஊர் அது பாட்டுக்கு இருக்கும். நாம்தான் விரலை வைத்து, 'இங்கே இருக்கிறோம், இப்படிப் போக வேண்டும்' என்று தேடிக்கொள்ள வேண்டும்.

பார்த்தால் சின்ன வித்தியாசம். ஆனால், கார்க்காரர்கள் அங்கிருந்து இங்கே வந்து சேர முக்கால் நூற்றாண்டு பிடித்தது. அந்த ஐடியா எங்கிருந்து வந்தது தெரியுமா? ரோடே இல்லாத பசிஃபிக் சமுத்திரத்திலிருந்து!

கதையை 1909-லிருந்து ஆரம்பிக்கலாம். அமெரிக்காவில் அப்போதுதான் கார்கள் ஊரைவிட்டு வெளியே போக ஆரம்பித்திருந்தன. நெடுஞ்சாலைக்கு நம்பர் கிடையாது. வழிகாட்டிப் பலகை கிடையாது. பாதி இடத்தில் ரோடே கிடையாது. அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது 'ஜோன்ஸ் லைவ் மேப்' என்ற கருவி. கிராமபோன் மாதிரி ஒரு வட்டப் பெட்டி. அதற்குள் ஒரு காகிதத் தட்டு. தட்டின் விளிம்பைச் சுற்றி மைல் கணக்கும், எந்த மைலில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற குறிப்பும் அச்சடித்திருப்பார்கள். காரின் சக்கரத்திலிருந்து ஒரு கேபிள். சக்கரம் சுழலச் சுழலத் தட்டும் மெதுவாகச் சுழலும். முள் காட்டுகிற இடத்தைப் படித்துக்கொண்டே வண்டியை ஓட்ட வேண்டியதுதான். தட்டு தீர்ந்துபோனால் அடுத்த தட்டு.

பிரமாதமான யோசனைதான். ஒரே ஒரு சிக்கல். தட்டில் எழுதியிருக்கிற வழியை விட்டு ஒரு தெரு தள்ளிப் போனாலும் கதை முடிந்தது. ஜோன்ஸின் தட்டுக்கு அந்த ஒரு வழியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பக்கத்தில் என்ன ஊர் இருக்கிறது, ஆறு எங்கே ஓடுகிறது, ஊஹூம்!

காகித மேப் ஜெயித்தது இந்த இடத்தில்தான். 1913-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் 'கல்ஃப்' எண்ணெய் கம்பெனி ஒரு பெட்ரோல் பங்க் திறந்தது. பெட்ரோல் போட வருகிறவர்களுக்கு மேப் கொடுக்கும் பழக்கமும் அந்தக் கம்பெனியிடமிருந்துதான் பரவியது. தர்மம் ஒன்றும் இல்லை. மேப் கையில் இருந்தால் மனிதர்கள் ஊர் சுற்றுவார்கள், ஊர் சுற்றினால் பெட்ரோல் செலவாகும்! மற்ற கம்பெனிகளும் போட்டி போட்டுக்கொண்டு கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளின. 1970-களில் எண்ணெய் நெருக்கடி வந்த பிறகுதான் அந்த இலவசம் நின்றது.

காகித மேப்பின் தொல்லைகள் எல்லோருக்கும் தெரியும். காற்றில் பறக்கும். மடித்த மடிப்பிலேயே கிழியும். நாம் தேடுகிற ஊர் சரியாக அந்தக் கிழிசலில்தான் இருக்கும். வண்டி ஓட்டிக்கொண்டே படிப்பது ஆபத்து. பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவருக்கும் ஓட்டுகிறவருக்கும் பாதி வழியில் பேச்சுவார்த்தை முறிந்துவிடும்.

எனவே, ஆராய்ச்சி விடவில்லை. 1981-ல் ஜப்பானின் ஹோண்டா கம்பெனி ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் எலக்ட்ரோ கைரோகேட்டர். செயற்கைக்கோள் சமாசாரம் எதுவும் அதில் இல்லை. கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஹீலியம் வாயுவை வைத்து அளந்தது. டி.வி. மாதிரி ஒரு சின்னத் திரை. அதன்மேல் கண்ணாடித் தாளில் அச்சடித்த மேப்பைச் செருக வேண்டும். கார் ஓட ஓட, அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு வெளிச்சப் புள்ளி ஊர்ந்து போகும். மேப் அப்படியே நிற்க, கார்தான் நகர்ந்தது.

இங்கேதான் கதைக்குள் வருகிறார் ஸ்டான் ஹனி.

கலிஃபோர்னியாக்காரர். என்ஜினீயர். அதைவிட முக்கியம், பாய்மரப் படகில் திசை பார்த்துச் சொல்கிற ஆசாமி. 1983-ல் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து ஹவாய் வரை நடந்த படகுப் போட்டியில், வீடியோ கேம் புகழ் 'அடாரி' கம்பெனியை ஆரம்பித்த நோலன் புஷ்னெலின் படகுக்கு வழி சொன்னவர் இவர்தான். அந்தப் படகு முதலாவதாகப் போய்ச் சேர்ந்தது. நடுக்கடலில் பேசிக்கொண்டிருந்தபோது, காருக்கு வழி காட்டும் கருவி பற்றிய தன் யோசனையை ஹனி சொல்ல, புஷ்னெல் பணம் போடச் சம்மதித்துவிட்டார்.

கம்பெனிக்கு ஹனி வைத்த பெயர், எடாக்.

பசிஃபிக் கடலில், மைக்ரோனேசியாவின் கரோலின் தீவுகளில் வாழும் மாலுமிகளின் வார்த்தை அது. அவர்களிடம் காம்பஸ் கிடையாது. காகித வரைபடமும் கிடையாது. நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கிற, ஆள் உயரத்துக்குத் தென்னை மரம் தெரிந்தால் அதிகம் என்கிற மாதிரியான தீவைத் தப்பாமல் போய்ப் பிடிப்பார்கள். எப்படி?

அவர்கள் கணக்கில் படகு நகர்வதே இல்லை. படகு நிற்கிறது. மேலே நட்சத்திரங்கள் தங்கள் தங்கள் இடத்தில் உதித்து, தங்கள் தங்கள் இடத்தில் அஸ்தமிக்கின்றன. கடல்தான் தீவுகளைச் சுமந்துகொண்டு படகைத் தாண்டிப் பின்னால் போகிறது. பாதைக்குப் பக்கவாட்டில், கண்ணுக்கே தெரியாத தொலைவில் இருக்கும் ஏதாவது ஒரு தீவை மாலுமி மனசுக்குள் குறித்துக்கொள்வார். கிளம்பும்போது அது ஒரு நட்சத்திரம் உதிக்கும் இடத்துக்கு நேராக இருக்கும். படகு போகப் போக அடுத்த நட்சத்திரத்துக்கு நேராக வந்துவிடும். அப்படி ஒன்று நகர்ந்தால், பயணத்தில் ஒரு பகுதி முடிந்தது என்று அர்த்தம். அந்த ஒரு பகுதிதான் ஓர் எடாக்.

படகு நிற்கிறது, உலகம் நகர்கிறது. இதை அப்படியே காரின் டாஷ்போர்டுக்குக் கொண்டுவந்தார் ஹனி. 1985-ல் 'எடாக் நேவிகேட்டர்' விற்பனைக்கு வந்தது. கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகளாகத் தெருக்கள். நடுவில் அசையாத கார். அதைச் சுற்றித் திரும்புகிற மேப். சக்கரத்தில் சென்சார், காருக்குள் ஒரு காம்பஸ். இரண்டையும் வைத்துக் கார் போன தூரத்தையும் திசையையும் கணக்குப் போட்டது. போகப் போகக் கணக்கில் பிசகு சேருமே? கார் ஒரு திருப்பத்தில் திரும்பியதும், 'இந்த இடத்தில் ரோடு இங்கேதானே இருக்கிறது' என்று மேப்போடு ஒப்பிட்டுத் தன்னைத் தானே சரி செய்துகொள்ளும். மேப் இருந்தது, பாட்டு கேட்கிற மாதிரியான டேப் கேசட்டில்! பெரிய ஊரென்றால் ஒரு கேசட் போதாது. விலை ஆயிரத்து முந்நூறு டாலருக்கும் மேல். கம்பெனி பிற்பாடு பல கை மாறியது. 2000-ல் டெலி அட்லஸ் வாங்கியது, டெலி அட்லஸை 2008-ல் டாம்டாம் வாங்கியது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'இடது பக்கம் திரும்பு' என்று எடாக் சொல்லவில்லை. போக வேண்டிய இடம் திரையில் ஒரு நட்சத்திரமாக மின்னும். எந்தத் தெரு வழியாகப் போவது என்பது ஓட்டுகிறவர் பாடு. மேப்புக்கு உயிர் வந்திருந்ததே தவிர, அதற்கு வாய் முளைக்கவில்லை.

வாயும் சீக்கிரமே முளைத்தது. 1989-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் ஒரு பேசும் கருவியைச் செய்துகாட்டினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர், 'பின் சீட் டிரைவர்'! மேப்பையே பார்க்க வேண்டாம், காதில் விழுவதைச் செய்தால் போதும் என்ற காலம் பிறந்தது. ஒரு விதத்தில் ஜோன்ஸின் தட்டு திரும்பி வந்தது என்றுகூடச் சொல்லலாம். என்ன, இது வழி தவறினால் புது வழி போட்டுக் கொடுக்கும்.

மிச்சம் இருந்தது செயற்கைக்கோள். அமெரிக்க ராணுவம் ஜி.பி.எஸ்ஸுக்கான முதல் செயற்கைக்கோளை 1978-லேயே அனுப்பிவிட்டது. அதை ஊருக்கெல்லாம் இலவசமாகத் தருகிறோம் என்று அறிவிக்க வைத்தது ஒரு கோரம்.

1983, செப்டம்பர் 1. நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாக சியோல் போய்க்கொண்டிருந்த கொரிய விமானம் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்துவிட்டது. சோவியத் போர் விமானம் சுட்டதில், உள்ளே இருந்த 269 பேரும் இறந்துபோனார்கள். அடுத்த சில நாட்களில், ஜி.பி.எஸ். தயாரானதும் பொது உபயோகத்துக்குத் தரப்படும் என்று ரீகன் அரசாங்கம் அறிவித்தது.

விமானம் ஏன் வழி தவறியது? கறுப்புப் பெட்டிகள் கிடைத்த பிறகு, 1993-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அதற்குப் பதில் சொன்னது. விமானத்தில் வழிகாட்டும் கருவி இருந்தது. ஆட்டோபைலட்டும் இருந்தது. ஆனால், இரண்டும் சேர்ந்து வேலை செய்யவில்லை. ஆட்டோபைலட் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போனது. ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக விமானிகள் அதைக் கவனிக்கவே இல்லை. கருவி பார்த்துக்கொள்கிறது என்ற நம்பிக்கை!

2000, மே மாதத்தில் இன்னொரு கதவும் திறந்தது. அதுவரை பொதுமக்களுக்கு வரும் ஜி.பி.எஸ். சிக்னலை ராணுவம் வேண்டுமென்றே கெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டும். கிளின்டன் உத்தரவில் அது நின்றது. ஒரே ராத்திரியில் துல்லியம் பல மடங்கு கூடியது. காருக்குக் கார் வழிகாட்டும் பெட்டி வந்தது இதற்குப் பிறகுதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே 2000-ல்தான் லண்டனிலிருந்து ஓர் ஆராய்ச்சி முடிவும் வந்தது. லண்டன் டாக்ஸி டிரைவர்கள் 'தி நாலெட்ஜ்' என்றொரு பரீட்சை எழுதியாக வேண்டும். சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் சுற்றளவில் இருக்கும் சுமார் 25,000 தெருக்கள் மனப்பாடமாக வேண்டும். படித்து முடிக்க மூன்று, நான்கு வருஷம் ஆகும். எலினார் மக்வயர் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவும் 16 டிரைவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பின்பாகம் அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. 2011-ல் மக்வயர் இன்னொன்றும் கண்டுபிடித்தார். பரீட்சைக்குப் படித்தவர்களில், பாஸ் செய்தவர்களுக்கு மட்டும்தான் அது வளர்ந்திருந்தது.

2017-ல் அதே லண்டனில் இன்னொரு சோதனை. சோஹோ பகுதித் தெருக்களைத் திரையில் காட்டி, 24 பேரை வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தானாக யோசித்துப் போனபோது, ஒவ்வொரு புதுத் தெருவிலும் ஹிப்போகாம்பஸ் சுறுசுறுப்பானது. 'இப்படித் திரும்பு' என்று சொல்லிக்கொடுத்தபோது, அது பேசாமல் இருந்துவிட்டது. எடாக் மாலுமியும் நாமும் பார்ப்பது ஒரே காட்சி. நடுவில் நாம், சுற்றிலும் நகரும் உலகம். அவருக்கு அந்த உலகம் மண்டைக்குள் இருந்தது. நமக்கு ஸ்கிரீனில் இருக்கிறது. சார்ஜ் தீர்ந்தால் போச்சு.

அப்படிப்பட்ட மாலுமி ஒருவர் நம் காலத்திலேயே இருந்தார். மாவ் பியாய்லுக். ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத சடவல் தீவுக்காரர். குழந்தையாக இருந்தபோதே தாத்தா கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். 1976-ல் 'ஹோகுலேயா' என்ற பாய்மரப் படகை, ஹவாயிலிருந்து சுமார் 4,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் டஹிட்டிக்கு, ஒரு கருவியும் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் கடலில் அவர் அதற்கு முன் போனதே இல்லை!

அவருக்கு ஒரு கவலை. சொந்தத் தீவின் பையன்களுக்கு இந்த வித்தையில் நாட்டமில்லை. தன்னோடு இது செத்துப்போய்விடும் என்று பயந்தார். வெளியாளுக்குச் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை மீறி, ஹவாய்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் கற்ற நைநோவா தாம்சன், 1980-ல் கருவி இல்லாமலே டஹிட்டிக்குப் போய்த் திரும்பினார். மாவ் 2010-ல் காலமானார். வித்தை பிழைத்துக்கொண்டது.

செல்போனைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் அதை நம்பித்தான் வண்டியை எடுக்கிறேன். ஆனால், அடுத்த முறை கிளம்பும் முன், 'ஸ்டார்ட்' பட்டனை அழுத்துவதற்கு முன்னால், இரண்டு விரலை வைத்து அந்த மேப்பைச் சுருக்கிப் பாருங்கள். முழு வழியும் தெரியும். ஆறு எங்கே குறுக்கிடுகிறது, ரயில் பாதை எந்தப் பக்கம், நடுவில் என்னென்ன ஊர் வருகிறது என்று ஒரு தடவை மனசில் ஓட்டிக்கொள்ளுங்கள். அரை நிமிஷம்தான் ஆகும். அதற்கப்புறம் அந்த அம்மாள் பேசட்டும். நடுவழியில் அவர் மௌனமாகிவிட்டாலும், எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.